பருவம் நான்கும் கண்ட ஓவியர் ஃபர்ருக் பேக்

ஓர் ஆண்டைத் தமிழர் ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மேலை நாட்டார் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என நான்காகப் பகுத்தனர். எண்ணிக்கையில் வேறுபட்டாலும் கருத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. பருவம் என்னும் ஒரே சொல்லை நாம் ஆண்டின் பகுதிக்கும் வழங்குகின்றோம். மனித வாழ்வின் பகுதிக்கும் வழங்குகின்றோம். குழந்தைப் பருவம், முதுமைப் பருவம் என்கின்றோம் அன்றோ? மேலை நாட்டாரும் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் பதித்து உலகெங்கும் அனுப்பினர். அத்தகைய தாள் ஒன்று கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்து, ஒரு முதிய ஓவியரின் கையில் புதுப் பிறவி எடுத்தது. அவ்வோவியரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

யாம் கலை நூல் கற்றவர் அல்லேம். பள்ளியிறுதி வகுப்புடன் படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உப்பலில் வாழ்ந்து வருகின்றோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் நடைபாதையில் விரியும் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றி வருவது எம் வழக்கம். அவ்வாறு சுற்றியபோது கிடைத்த படப் புத்தகம் ஒன்றே இக்கட்டுரைக்கு வித்து. அதனை விலை கொடுத்து வாங்கச் செய்தது ஒரு படம். நாற்காலியில் ஒடுங்கி அமர்ந்த ஒரு முதியவர். அவர் தலைக்கு மேல் அடர்ந்து விரிந்த ஒரு மரம். அம்முதியவரைக் கண்டதும் எம் தந்தையார் நினைவு வந்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

நான்கு பருவத் தாள்கள்

பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்து என்பது இக்காலப் பெல்ஜியத்தையும் ஹாலந்தையும் சேர்த்துக் குறித்த பெயர். அதன் பெருந்துறைமுகம் ஆண்ட்வெர்ப். அந்நகரில் ஹிரோனிமஸ் காக் என்பவர் நான்கு காற்றுகள் என்ற பெயருடன் சித்திர அச்சுக்கூடம் ஒன்றை நடத்தினார். செம்பைத் தகடாக்கி, அதன்மேல் கூரிய சிற்றுளியால் கோடு கோடாகக் கீறுவர். கீறல்களில் மை நிரப்பித் தகட்டின் மேற்பரப்பைத் துடைத்துவிடுவர். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளையால் அழுத்த, கீறலில் நின்ற மை தாளில் ஏறும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். ஓவியம் செல்வர் மாளிகையை விட்டுச் சந்தைக்கு வந்தது இவ்வழியில்தான்.

அக்காலத்துப் பேரோவியர் பீட்டர் புரூகல் 1565ஆம் ஆண்டில் காக்கின் அச்சுக்கூடத்திற்காக இளவேனிற் காட்சி ஒன்றை வரைந்தார். தோட்டக்காரர் பாத்தி கட்டுவதும், ஆட்டின் மயிர் கத்தரிப்பதும் அதில் உண்டு. 1568ஆம் ஆண்டில் கோடைக் காட்சியை வரைந்தார். கதிர் அறுப்போருள் ஒருவன் பெரிய குடத்தை வாயில் கவிழ்த்து நீர் பருகுகின்றான்; அவன் நீட்டிய கால் படத்தின் சட்டத்தையும் தாண்டி வெளியே நிற்கின்றது! எஞ்சிய இரண்டையும் வரையும் முன்னரே 1569ஆம் ஆண்டில் புரூகல் காலமானார். ஹான்ஸ் போல் என்னும் மற்றோர் ஓவியர் இலையுதிர்காலத்தையும் பனிக்காலத்தையும் வரைந்து தொடரை நிறைவு செய்தார். 1570ஆம் ஆண்டில் நான்கும் ஒன்றாக வெளிவந்தன. புரூகலின் இரு காட்சிகளையும் செம்பில் செதுக்கியவர் பீட்டர் வான் டெர் ஹைடன் என்பவர். படங்களின் அடியில் பொறித்த இலத்தீன் வாசகம், இளவேனிலைக் குழந்தைப் பருவத்திற்கும் கோடையை இளமைக்கும் ஒப்பிடுகின்றது. வரிசையின் முடிவில் பனிக்காலம் முதுமைக்கு ஒப்பாக நிற்கின்றது. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் முடித்த இத்தொடரில், முதுமைக்குரிய தாளை வரையும் பேறு புரூகலுக்குக் கிட்டவில்லை.

அதே ஆண்ட்வெர்ப் நகரில் மார்ட்டின் டி வோஸ் என்னும் ஓவியர் வாழ்ந்தார். அவரும் பருவங்களைப் பற்றிச் சித்திரங்கள் அமைத்துக் கொடுத்தவர். அவர் வரைந்த மனித வாழ்வின் நான்கு நிலைகளை 1591ஆம் ஆண்டில் ராஃபேல் சாடெலர் செம்பில் செதுக்கினார். காதல், உழைப்பு, பெருமை, துயரம் என்பன அந்நான்கின் பெயர்கள். கடைசித் தாளாகிய துயரத்தில் நாற்காலியில் ஒடுங்கிய ஒரு முதியவரைக் காண்கின்றோம். வாழ்வின் பனிக்காலத்திற்கு மேலை நாட்டார் இட்ட பெயர் துயரம்!

இத்தாள்கள் நம் நாட்டிற்கு வந்தது எவ்வாறு? 1580ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து ஏசு சபைப் பாதிரிமார் பேரரசர் அக்பரின் பதேபூர் சிக்ரி அரண்மனைக்குச் சென்றனர். அவர்கள் எடுத்துச் சென்ற காணிக்கை, ஆண்ட்வெர்ப் நகரில் பிளாண்டின் என்பார் அச்சிட்ட பன்மொழி விவிலியம். அதன் முகப்புச் சித்திரத்தைச் செதுக்கியவரும் வான் டெர் ஹைடனே. புரூகலின் இளவேனிலைச் செதுக்கிய கை, இவ்வாறு அக்பரின் நூலகத்தையும் எட்டியது. பின்னர் 1591ஆம் ஆண்டிலும் 1595ஆம் ஆண்டிலும் பாதிரிமார் இலாகூர் சென்றனர். அரண்மனை ஓவியர்கள் மேலைநாட்டுத் தாள்களைக் கண்டு வியந்தனர். அவற்றைப் பார்த்து வரைந்தனர். இளவரசர் சலீம் அவற்றைத் தேடிச் சேர்த்துத் தம் படத் தொகுதிகளில் ஒட்டி வைத்தார். அவரே பின்னர் ஜஹாங்கீர் என்ற பெயருடன் அரியணை ஏறியவர்.

காபூலிலிருந்து வந்தவர்

ஃபர்ருக் பேக் பிறந்தது கி.பி. 1545ஆம் ஆண்டை ஒட்டி. பாரசீக ஓவிய மரபில் பயின்றவர். அபுல் பசல் தம் நூலில் அவரைக் கல்மாக் என்ற அடைமொழியுடன் குறிக்கின்றார். அது நடு ஆசியக் குடியினர் ஒருவரைச் சுட்டும் பெயர். அவர் காபூலில் மிர்சா முகம்மது ஹக்கீமின் ஆதரவில் இருந்தார். ஹக்கீம் அக்பரின் மாற்றாந்தாய் மகன், தம்பி.

1585ஆம் ஆண்டில் ஹக்கீம் இறந்தார். புரவலன் மறைந்தால் கலைஞன் நிலை என்னாகும்? நிழல் தந்த மரம் சாய்ந்தபின் பறவை வேறு மரம் தேட வேண்டியதே. ஹக்கீமின் பிள்ளைகளும் அவரைச் சார்ந்தோரும் அவ்வாண்டின் இறுதியில் இராவல்பிண்டியில் அக்பரிடம் வந்து சேர்ந்தனர். அக்கூட்டத்தில் ஃபர்ருக் பேக்கும் இருந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பது.

நாற்பதாம் வயதில் ஊர் மாறுவது எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்போருக்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. இருபதில் வந்தவன் மொழியையும் பழக்கத்தையும் விரைவில் பற்றிக்கொள்வான். நாற்பதில் வந்தவனோ தன் கைவழக்கத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டே வருகின்றான். அக்பரின் ஓவியக் கூடத்தில் ஒருவர் கோடிட, மற்றொருவர் வண்ணம் தீட்டுவது பெருவழக்கு. ஃபர்ருக் பேக்கோ பெரும்பாலும் தனித்தே வரைந்தார். அக்பர் நாமா என்னும் வரலாற்று நூலின் ஓவியப் படி இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்பர் சூரத்து நகருள் வெற்றியுடன் புகும் காட்சியை அதில் ஃபர்ருக் பேக் வரைந்திருக்கின்றார். அரண்மனையின் புதுமுறை ஓவியர்கள் ஆழமும் நிழலும் காட்ட முயன்ற நாளில், அவர் தாம் பயின்ற பாரசீக முறையின் தெளிந்த வண்ணங்களையும் நுண்ணிய கோட்டையும் விடவில்லை. இருந்தும் அவரை ஒருவரும் ஒதுக்கவில்லை. அபுல் பசல் பெயர் சொல்லிப் போற்றிய பதினேழு ஓவியருள் அவரும் ஒருவர். புதிய ஊரில் பழைய கை மதிப்புப் பெறுமா என்று அஞ்சுவோர்க்கு இஃதொரு சான்று.

தக்கணத்தில்

அவர் வாழ்க்கையின் அடுத்த பகுதி நமக்கு மிக அணுக்கமானது. ஏனெனில் அது நாம் வாழும் இத்தக்கணத்தில் நிகழ்ந்தது. 1600ஆம் ஆண்டை ஒட்டி அவர் வடக்கை விட்டுப் பீஜப்பூருக்கு வந்தார். அங்கே ஆட்சி புரிந்தவர் இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷா. சிறுவராக 1580ஆம் ஆண்டில் அரியணை ஏறி, 1627ஆம் ஆண்டு வரை ஆண்டவர். இசையே உயிராக வாழ்ந்த மன்னர் அவர். கலைமகளை வாழ்த்தித் தக்கினி மொழியில் பாடல்கள் இயற்றினார். அப்பாடல்களின் தொகுதி கிதாபே நௌரஸ் எனப்படும். தம் தம்பூருக்கு மோத்தி கான் என்று மனிதர்க்கு இடுவதுபோல் பெயரிட்டு மகிழ்ந்தார். 1599ஆம் ஆண்டில் நௌரஸ்பூர் என்னும் புது நகரையும் கட்டத் தொடங்கினார்.

அம்மன்னரின் அவைப்புலவர் சுஹூரி புகழ்ந்த ஃபர்ருக் ஹுசேன் என்னும் ஓவியரும் நம் ஃபர்ருக் பேக்கும் ஒருவரே என்று 1957ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்கெல்டன் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதினார். அறிஞர் பலரும் அதனை ஏற்கின்றனர். மன்னர் குதிரைமேல் அமர்ந்து வல்லூறு ஏந்தி வேட்டைக்குச் செல்லும் அவர் ஓவியம் இன்று இரஷ்ய நாட்டுச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ளது. பீஜப்பூர் ஓவியத்தில் மரமும் செடியும் கனவிற் காண்பனபோல் அடர்ந்து விரியும். வடக்கிலிருந்து வந்த ஓவியர் அவ்வழகைத் தம் கையில் ஏற்றுக்கொண்டார். நாற்பது வயதில் தம் வழக்கத்தை விடாதவர், ஐம்பத்தைந்தில் புது ஊரின் மரங்களுக்கு இடம் கொடுத்தார்!

சில ஆண்டுகளுக்கு முன் யாம் குடும்பத்துடன் பீஜப்பூர் சென்றிருந்தோம். இப்போது அதன் பெயர் விஜயபுரா. வருவோர் யாவரும் கோல் கும்பஸ் மாடத்தின் எதிரொலி கேட்கவே விரைவர். இப்ராஹிம் மன்னர் துயிலும் இப்ராஹிம் ரௌசாவில் கூட்டம் குறைவு. அதன் சுவர்களில் கல்லிற் செதுக்கிய எழுத்துகளைக் கண்டு வியந்தோமே அன்றி, அம்மன்னரின் நிழலில் வாழ்ந்த ஓர் ஓவியரைப் பற்றி அன்று யாம் அறியோம். நௌரஸ்பூரோ 1624ஆம் ஆண்டில் மாலிக் அம்பரின் படையால் அழிவுற்றது. நகரம் அழிந்தது, தாளில் வரைந்த ஓவியங்கள் நிலைத்தன.

எழுபதாம் ஆண்டு

1605ஆம் ஆண்டில் அக்பர் மறைந்து ஜஹாங்கீர் அரசரானார். 1609ஆம் ஆண்டிற்குள் ஃபர்ருக் பேக் மீண்டும் வடக்கே சென்றுவிட்டார். ஜஹாங்கீர் அவருக்கு இரண்டாயிரம் ரூபாய் பரிசளித்ததையும், தம் காலத்தில் அவருக்கு நிகரில்லை என்று கருதியதையும் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். விட்டுச் சென்றவன் என்ற குறை அக்குறிப்பில் இல்லை.

வடக்கே சென்றபின்பும் ஓவியர் பீஜப்பூரை மறந்தாரல்லர். 1610–11ஆம் ஆண்டில் அவர் வரைந்த படமொன்றில், இப்ராஹிம் மன்னர் அமர்ந்து மோத்தி கானை மீட்டுகின்றார். டில்லிப் பேரரசரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே தக்கண மன்னரின் தம்பூரை நினைத்து வரைந்த கை அது. அப்படம் இன்று பிராக் நகரத்து நாப்ர்ஸ்டெக் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓரூரில் உண்டு மற்றோரூரை நினைப்பது நன்றியின்மை ஆகாது, நினைவுடைமையே ஆகும்.

1615ஆம் ஆண்டு வந்தது. மார்ட்டின் டி வோஸின் துயரம் என்னும் தாள் அதற்குள் அரண்மனையை எட்டியிருந்தது. அதனை முன்வைத்து ஃபர்ருக் பேக் வரையலானார். முதியவர் அமர்ந்த நிலையும் நாற்காலியும் அத்தாளிலிருந்து வந்தவை. எஞ்சியவை யாவும் அவருடையவை. கருமையன்றி வேறறியாத தாளுக்கு வண்ணம் வந்தது. மேலை நாட்டு முதியவர் நம் நாட்டுச் சூபி ஞானியின் தோற்றம் கொண்டார். அவர் அருகில் விலங்குகள் அஞ்சாது உலவுகின்றன. தலைக்கு மேல் பெரிய இலைகளுடன் ஒரு மரம் தழைத்து நிற்கின்றது. பனிக்கால மரமாயின் இலை உதிர்த்து நின்றிருக்க வேண்டும். இதுவோ தக்கணத்து ஓவியரின் கனவுமரம்போல் அடர்ந்திருக்கின்றது!

அப்படத்தின் மேல், ஓவியர் தம் எழுபதாம் ஆண்டில் வரைந்தது என்ற குறிப்பு உள்ளது. முதுமையின் படத்தை எழுபது வயதினரே வரைந்தார். மேலை நாட்டார் துயரம் என்று பெயரிட்டதை அவர் துயரமாக மட்டும் காணவில்லை என்று எமக்குத் தோன்றுகின்றது. தனிமையுண்டு, ஓய்வுண்டு, உள்நோக்கிய சிந்தனையும் உண்டு. காபூல், இலாகூர், பீஜப்பூர், ஆக்ரா என எத்தனை ஊர்! எத்தனை புரவலர்! அத்தனையும் கடந்தவர் கடைசியில் தமக்கென ஒரு நாற்காலியையும் ஒரு மரநிழலையும் வரைந்துகொண்டார். நாற்காலி அயல்நாட்டது, நிழல் தம்முடையது.

அவ்வோவியம் இன்று கத்தார் நாட்டுத் தோகா நகரத்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. தோகாவில் பணிபுரியும் தமிழர் பலர். நம் சங்கத்து அன்பர் எவருடைய பிள்ளையேனும் அங்கிருப்பின், ஒரு விடுமுறை நாளில் சென்று காணச் சொல்லுங்கள். ஊர்விட்டு ஊர் சென்ற ஓவியரின் படமும் ஊர்விட்டு ஊர் சென்றே அங்கு நிலைத்திருக்கின்றது.

எம் தந்தையார்

இனி, முதலில் சொல்லாது விட்ட காரணத்தைச் சொல்வோம். எம் தாயார் மறைந்தபின், தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தந்தையாரை உப்பலுக்கு அழைத்து வந்தோம். அவருக்கு அகவை எழுபத்து மூன்று. தெலுங்கு தெரியாது. காலை முதல் மாலை வரை மாடி முகப்பில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார். யாம் அலுவலகத்திலிருந்து திரும்பும்போதும் அதே இடம், அதே நிலை. முதிர்ந்த மரத்தை வேரோடு பிடுங்கி வந்து நட்டோமோ என்று பல இரவு உறங்காது கிடந்ததுண்டு. ஊருக்கே திரும்ப அனுப்பலாம் என்றால், அங்கே வீடு பூட்டிக் கிடக்கின்றது, சோறிட ஆளில்லை.

அப்படப் புத்தகத்தை ஒருநாள் அவரிடம் காட்டினோம். கண்ணாடி அணிந்து நெடுநேரம் பார்த்தார். முதலில் அவர் வினவியது முதியவரைப் பற்றியன்று. அது என்ன மரம் என்பதே. எமக்குத் தெரியவில்லை. வரைந்தவருக்கு ஊர் எது என்று பின்னர்க் கேட்டார். ஓவியரின் கதையை இங்கு எழுதியவாறே சொன்னோம். கேட்டுக்கொண்டார், ஒன்றும் கூறவில்லை.

இரு நாள் கழித்து, நாற்காலியை மாடியிலிருந்து கீழே வேப்பமரத்தடியில் போடச் சொன்னார். இப்போது மாலையில் அங்கே வேறு இரு முதியவர்களும் வந்து அமர்கின்றனர். ஒருவர் தெலுங்கர், மற்றவர் மராட்டியர். எந்த மொழியில் பேசிக்கொள்கின்றனரோ யாம் அறியோம். ஆனால் விளக்கேற்றியபின் சாப்பிட வாருங்கள் என்று எம் துணைவியார் இருமுறை அழைக்க வேண்டியிருக்கின்றது. தந்தையார்க்கு ஊர் நினைவு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். பீஜப்பூரின் தம்பூரை வடக்கே இருந்து நினைத்தவரைப் போல, அவரும் நினைத்துக்கொண்டே இருப்பார், இருக்கட்டும்.

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் பொங்கல் விழாவும் நாம் குறைவின்றி நடத்துகின்றோம். பிள்ளைகளை நம்பி ஊரைவிட்டு வந்திருக்கும் பெற்றோர் நம் இல்லந்தோறும் உள்ளனர். அவர்களுக்காக வாரம் ஒரு மாலை, ஒரு மரத்தடி, சில நாற்காலிகள், இரண்டு தமிழ்ச் செய்தித்தாள்கள் — இவ்வளவே போதும். பனிக்காலத்தில் மரத்திற்கு இலை தழைக்கச் செய்வது ஓவியர்க்கு மட்டுமே இயல்வது அன்று, நமக்கும் இயலும்.

அன்பர் அனைவர்க்கும் எம் ஆண்டுவிழா வாழ்த்துகள்.